வரைபடம் சொல்லாதவை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கோலா கங்சாரின் புக்கிட் சந்தான் குன்றில், நடந்தே போய்ச் சேரும் தூரத்தில் இரண்டு கட்டடங்கள் இருக்கின்றன. ஒன்று உபுடியா பள்ளிவாசல். ஈப்போ ரயில் நிலையத்தை வடிவமைத்த ஆர்தர் பெனிசன் ஹப்பக்கின் வரைபடத்தின்படி 1913 இல் வேலை தொடங்கி 1917 இல் முடிந்தது. மற்றொன்று இஸ்தானா கெனாங்கான். சுல்தான் இஸ்கந்தர் ஷா தங்குவதற்காக 1926 இல் எழுப்பிய மர அரண்மனை. இதற்குக் கட்டட வரைபடம் எதுவும் இருந்ததில்லை. இரும்பாணியும் அடிக்கவில்லை. மரத்தோடு மரம் கோத்து, மூங்கிலைப் பிளந்து முடைந்து சுவராக்கி, பேராக்கின் நிறங்களான மஞ்சள், கறுப்பு, வெள்ளையைப் பூசி முடித்தார்கள்.

பள்ளிவாசலில் அறிவு இரண்டாகப் பிரிந்திருந்தது. பாதி ஹப்பக்கின் தாளில், பாதி கொத்தனார்களின் கையில். தாளில் இல்லாததைக் கை நிரப்பியது. அரண்மனையில் அத்தனை அறிவும் தச்சர்களின் கையிலேயே இருந்தது. எந்தத் துளைக்கு எவ்வளவு இறுக்கம் வேண்டும், எந்தப் பலகை மழைக்காலத்தில் உப்பும் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்கும் தேவையும் இல்லை.

அந்தக் கொத்தனார்களுக்கும் தச்சர்களுக்கும் இருந்த கைப்பழக்கம் லேசர் வெட்டும் இயந்திரத்துக்குக் கிடையாது. கோப்பில் இருப்பதை மட்டும் அது செய்யும். கோப்பில் இல்லாததை ஊகிக்காது. ஆனால், உலகின் ஏதோ ஒரு மூலையில் யாரோ வரைந்து இணையம் வழியே நம் ஊருக்கு வந்து சேரும் கோப்பில் பெரும்பாலும் கோடுகள் மட்டுமே இருக்கின்றன. அவர் எந்தப் பலகையை மனத்தில் வைத்து வரைந்தார், எந்தக் கோட்டை வெட்டச் சொன்னார், எதை மேலோட்டமாகச் செதுக்கச் சொன்னார் என்பது அதில் இருக்காது. அந்த விடுபட்ட அறிவை மறுபடி கோப்புக்குள் வைப்பதுதான் இறக்குமதி வரைபடத்தைத் தயார் செய்யும் வேலை. இயந்திரத்தை இயக்குவதைவிட இதுவே பெரிய வேலை என்று நான் நம்புகிறேன். இந்த அத்தியாயம் முழுவதும் அதைப் பற்றியதுதான்.

ஒளி எப்படி வெட்டுகிறது

உபுடியா பள்ளிவாசல் கட்டி முடிந்த 1917 ஆம் ஆண்டில்தான் கதிர்வீச்சு பற்றிய ஐன்ஸ்டைனின் புகழ்பெற்ற கட்டுரையும் இயற்பியல் இதழில் வெளிவந்தது. கிளர்ச்சியடைந்த ஓர் அணுவின் மீது தகுந்த ஒளி பட்டால், அந்த அணு அதே அலைநீளத்தில், அதே திசையில் இன்னொரு ஒளித்துகளை வெளியிடும் என்று அது சொன்னது. இந்தத் தூண்டப்பட்ட உமிழ்வே லேசரின் அடிப்படை. 1960 இல் தியோடர் மைமன் கலிபோர்னியாவில் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை இயக்கினார். 1964 இல், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த சி. குமார் பட்டேல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கரியமில வாயு லேசரைக் கண்டுபிடித்தார். விளம்பரப் பலகைக் கடைகளிலும் பள்ளிப் பட்டறைகளிலும் இன்று பலகை வெட்டும் இயந்திரங்களில் பெரும்பங்கு அந்த வகைதான்.

அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். மரம், காகிதம், தோல், ரப்பர், அக்ரிலிக் எல்லாம் இந்த ஒளியை நன்றாக உறிஞ்சுகின்றன. ஏறத்தாழ 5 மி.மீ. அகலமுள்ள கற்றையை 51 மி.மீ. குவியத்தூரம் கொண்ட வில்லை வழியே செலுத்தினால், கணக்குப்படி அது 0.14 மி.மீ. அகலப் புள்ளியாகக் குவிகிறது. அத்தனை ஆற்றலும் அந்தச் சின்னப் புள்ளியில் இறங்கும்போது மரம் கரியாகவும் வாயுவாகவும் சிதைகிறது. அக்ரிலிக் பெரும்பாலும் தன் மூல வேதிப்பொருளின் ஆவியாக மாறிப் பறந்துவிடுகிறது. அதனால்தான் அக்ரிலிக்கின் விளிம்பு மெருகிட்டதுபோல் பளபளக்கிறது, மரத்தின் விளிம்பு கறுத்துப்போகிறது.

இயந்திரம் அறிந்தவை மூன்றுதான்: எங்கே போக வேண்டும், எவ்வளவு வேகத்தில் போக வேண்டும், எவ்வளவு திறனோடு போக வேண்டும். 40 வாட் திறனோடு நொடிக்கு 20 மி.மீ. நகர்ந்தால், ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 2 ஜூல் ஆற்றல் கிடைக்கிறது. வேகத்தைப் பாதியாக்கினால் 4 ஜூல். ஒரே கோட்டின் மேல் இருமுறை போனாலும் அதே 4 ஜூல்தான். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பில் நேரும் தவறுகள் பலவும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கின்றன.

கோப்புக்குள் என்ன இருக்கிறது

வரைபடங்கள் இரண்டு வகை. புகைப்படம்போல நிறப்புள்ளிகளை அடுக்கிவைத்தது ஒன்று. கோடு எங்கே தொடங்கி எப்படி வளைந்து எங்கே முடிகிறது என்பதை எண்களால் சொல்வது மற்றொன்று. வெட்டுவதற்கு இரண்டாவது வகைதான் வேண்டும். புள்ளிப்படத்தில் போவதற்குப் பாதை இல்லை.

வளைவுகளை எண்களால் சொல்லும் வழி கார்த் தொழிலில் பிறந்தது. சிட்ரோயன் நிறுவனத்தில் பால் தெ காஸ்தெல்ஜோவும், ரெனோ நிறுவனத்தில் பியேர் பெசியேவும் தனித்தனியே இதைக் கண்டார்கள். நான்கு புள்ளிகள் போதும்: தொடக்கம், முடிவு, வளைவைத் தன் பக்கம் இழுக்கும் இரண்டு கட்டுப்பாட்டுப் புள்ளிகள். எழுத்துருக்களும் பூவேலை வடிவங்களும் இன்று பெசியே வளைவுகளாலேயே ஆனவை.

இந்த வளைவுகள் கோப்பு மாறும்போது சிதைகின்றன. ஆட்டோகேட் மென்பொருளோடு 1982 இல் வந்த டிஎக்ஸ்எஃப் என்ற கோப்பு வகை இன்றும் பட்டறைகளின் பொதுமொழி. அதன் பழைய பதிப்புகளில் இப்படிப்பட்ட வளைவுகளுக்கு இடமில்லை; நேர்க்கோடு, வட்டவில் போன்றவையே உண்டு. எனவே வளைவு சிறுசிறு நேர்க்கோடுகளாக உடைந்து வரும். 50 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தை 36 நேர்க்கோடுகளாக உடைத்தால், ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் உண்மையான வட்டத்திலிருந்து 0.19 மி.மீ. விலகல் இருக்கும். விரலால் தடவினாலே மூலைகள் தெரியும். 360 கோடுகளாக உடைத்தால் விலகல் 0.002 மி.மீ.க்கும் குறைவு, கண்ணுக்கோ கைக்கோ தெரியாது. ஆனால் அதே வளைவை ஆயிரக்கணக்கான துண்டுகளாக்கினால் வேறு தொல்லை வரும். இயந்திரத்தின் தலை ஒவ்வொரு முனையிலும் தயங்கும். தயங்கும் இடத்தில் ஆற்றல் குவிந்து விளிம்பு கருகும். துண்டு மிகக் குறைந்தாலும் கெடுதல், மிகக் கூடினாலும் கெடுதல். எனவே வரைபடத்தைத் திறந்ததும் ஒரு வளைவைப் பெரிதாக்கி, அதில் எத்தனை முனைகள் இருக்கின்றன என்று பார்ப்பது முதல் வேலை.

அளவு எங்கே தொலைகிறது

டிஎக்ஸ்எஃப் கோப்பில் நீளம் 10 என்று எழுதியிருக்கும். பத்து என்ன என்பது பல கோப்புகளில் இருக்காது. வரைந்தவர் அங்குலத்தில் நினைத்திருந்து, நம் மென்பொருள் அதை மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டால் பொருள் 25.4 மடங்கு சிறுத்துவிடும். இந்தத் தவறு கண்ணில் உடனே பட்டுவிடும் என்பதால் அவ்வளவு ஆபத்தில்லை.

நுட்பமான தவறுகள்தான் பலகையை வீணாக்குகின்றன. எஸ்விஜி என்ற கோப்பு வகையில் அளவு பல நேரங்களில் திரைப்புள்ளிகளில் இருக்கும். ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளிகள் என்பது இன்றைய இணைய வழக்கு. அடோபி இல்லஸ்ட்ரேட்டர் 72 என்று கணக்கிடுகிறது. இங்க்ஸ்கேப்பின் பழைய பதிப்புகள் 90 என்று கொண்டிருந்தன. 72 கணக்கில் வரைந்த 100 மி.மீ. நீளம் 96 கணக்கில் திறக்கும்போது 75 மி.மீ. ஆகும். 90 கணக்கில் வரைந்தது 93.75 மி.மீ. ஆகும். இந்த இரண்டாவது வித்தியாசத்தைத் திரையில் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. வெட்டி முடித்து, ஒன்றோடொன்று பொருத்தும்போதுதான் தெரியும்.

தீர்வு எளியது. வரைபடத்தில் அளவு தெரிந்த ஒன்றைத் தேடுங்கள்: ஒரு திருகாணித் துளை, ஒரு மின்சுவிட்சின் இடம், ஒரு சாவி வளையத்தின் ஓட்டை. அதை மென்பொருளில் அளந்து பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் முழு வடிவத்தின் அகலத்தை அளந்து, வரைந்தவர் சொன்ன அளவோடு ஒப்பிடுங்கள். இந்தச் சோதனை இல்லாமல் எந்தக் கோப்பையும் பலகைக்கு அனுப்பக் கூடாது.

அளவை மொத்தமாகக் கூட்டிக் குறைத்தும் தீராத சிக்கல் ஒன்றுண்டு: பலகையின் தடிமன். அமெரிக்காவில் வரைந்த ஒரு பெட்டி எட்டில் ஒரு பங்கு அங்குலப் பலகைக்காக இருக்கலாம், அதாவது 3.175 மி.மீ. பலகைகள் கோத்துக்கொள்ளும் பள்ளங்களும் அதே அகலத்தில்தான் இருக்கும். மலேசியாவில் 3 மி.மீ. என்று கேட்டு வாங்கும் பிளைவுட்டை அளந்தால் பல நேரம் 2.7 மி.மீ. தான். லேசர் கோட்டின் மேலேயே வெட்டி, தன் அகலத்தால் 0.2 மி.மீ. தின்றுவிட்டால் பள்ளம் 3.375 மி.மீ. ஆகிறது. 2.7 மி.மீ. பலகை அதில் 0.675 மி.மீ. இடைவெளியோடு ஆடும். சரிசெய்ய நினைத்து முழு வரைபடத்தையும் 85 விழுக்காடாகச் சுருக்கினால் பள்ளம் ஓரளவு பொருந்தும். ஆனால் பெட்டியும் 15 விழுக்காடு சிறுத்துவிடும், உள்ளே வைக்க வேண்டிய பொருள் உள்ளே போகாது. வரைபடம் சுருங்கும்போது பலகை சுருங்குவதில்லை. பள்ளங்களைத் தனியே தேர்ந்தெடுத்து அவற்றின் அகலத்தை மட்டும் மாற்றுவதே வழி. அதற்கு முதலில் பலகையை அளவுகோலால் அளக்க வேண்டும். கடைக்காரர் சொன்ன எண்ணை நம்பக் கூடாது.

மறைந்திருக்கும் இரட்டைக் கோடுகள்

இஸ்தானா கெனாங்கானின் சுவரில் முடைந்த மூங்கில் சாய்சதுரங்களாக வரிசை கட்டியிருக்கும். அந்த வடிவத்தை மூன்று நிற மெல்லிய பலகையில் துண்டு துண்டாக வெட்டி, ஒரு சட்டத்தில் பதிக்க நினைக்கிறீர்கள் என்று வையுங்கள். வரைபவர் ஒரு சாய்சதுரத்தை வரைந்து, பத்து வரிசை, பத்து நிரலாக நகலெடுப்பார். நூறு சாய்சதுரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம், மொத்தம் 400 கோடுகள். ஆனால் அடுத்தடுத்த சாய்சதுரங்கள் பக்கத்தைப் பகிர்ந்துகொள்வதால் உண்மையில் வேண்டியவை 220 கோடுகள்தான். மீதி 180 கோடுகள் ஏற்கெனவே உள்ளவற்றின் மேல் சரியாகப் படிந்து கிடக்கும். திரையில் ஒன்றாகத் தெரியும். இயந்திரம் இரண்டாகவே எண்ணும். அந்த இடங்களில் மில்லிமீட்டருக்கு 2 ஜூல் என்பது 4 ஜூல் ஆகிவிடும். விளிம்பு கருகும், வெட்டு அகலும், மெல்லிய பலகை தீப்பிடிக்கவும் கூடும். நேரமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

படிந்த கோடுகளை நீக்கும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. ஆனால் ஒன்றின் மேல் ஒன்று மிகச் சரியாகப் படிந்தவற்றையே அது பிடிக்கும். நூலளவு விலகியவற்றையும், ஒரு நீளக் கோட்டின் மேல் பாதியளவு படிந்த குட்டைக் கோட்டையும் நாமே தேட வேண்டும். ஒரு வடிவத்தைச் சற்று நகர்த்திப் பாருங்கள். அடியில் இன்னொன்று எஞ்சி நின்றால் அது இரட்டை.

செதுக்கும் வேலையில் இதே தவறு நேர்மாறாக விளையும். ஒரு வடிவத்தின் உட்புறத்தை நிரப்பிச் செதுக்கும்போது, மென்பொருள்கள் எல்லைக்கோடுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என எண்ணி உள்ளே எது, வெளியே எது என முடிவு செய்கின்றன. ஒரே வடிவம் இருமுறை கிடந்தால் எண்ணிக்கை இரட்டைப்படை ஆகி, அந்த இடம் செதுக்கப்படாமலே போகலாம். காரணம் தெரியாதவருக்கு இது பெரிய புதிராக இருக்கும்.

இன்னொன்று, மூடாத எல்லை. சதுரம்போலத் தெரியும் நான்கு கோடுகளில் ஒரு மூலை நூலளவு திறந்திருந்தால், அதை வெட்டலாம், நிரப்ப முடியாது. உள், வெளி என்ற பிரிவே அங்கு இல்லை. முனைகளைச் சேர்க்கும் கட்டளைக்கு 0.1 மி.மீ. போலச் சிறிய வரம்பு கொடுத்து மூடுவது நல்லது. வரம்பைப் பெரிதாக்கினால் சேரக்கூடாத முனைகளும் சேர்ந்துவிடும்.

கோடும் பட்டையும்

தீபாவளியை ஒட்டி லேசரில் வெட்டிய கோல வடிவங்கள் விற்கின்றன. சிக்குக் கோலம் இதற்கு ஒரு கடினமான சோதனை. வாசலில் அது ஒரு கோடு. புள்ளிகளைச் சுற்றி ஓடி, தன்னையே பலமுறை கடந்து, தொடங்கிய இடத்துக்கு வந்து சேரும். பலகையில் செதுக்குவதென்றால் அந்த ஒற்றைக் கோடே போதும். லேசர் அதன் மேல் ஒருமுறை ஓடினால் வேலை முடிந்தது.

ஆனால் கோலத்தையே ஒரு பொருளாக வெட்டி எடுப்பதென்றால் கோட்டை வெட்டக் கூடாது. கோட்டுக்கு 4 மி.மீ. போல ஓர் அகலம் கொடுத்துப் பட்டையாக்கி, அந்தப் பட்டையின் இரு கரைகளை வெட்ட வேண்டும். பட்டைகள் குறுக்கிடும் ஒவ்வோர் இடத்திலும் ஒன்றின் கரை மற்றொன்றின் மேல் குறுக்கே ஓடும். அப்படியே அனுப்பினால் லேசர் அந்தக் குறுக்குக் கோடுகளையும் வெட்டும்; கோலம் துண்டு துண்டாக உதிரும். எனவே எல்லாப் பட்டைகளையும் ஒன்றாக இணைத்து, உள்ளே ஓடும் கரைகளை நீக்கிய பிறகே வெட்ட வேண்டும்.

புகைப்படத்திலிருந்து தானாகக் கோடு எடுக்கும் கருவிகள் இதே குழப்பத்தை வேறு வழியில் உண்டாக்குகின்றன. தாளில் வரைந்த கோட்டுக்கும் அகலம் உண்டு. கருவி அதன் இரு ஓரங்களையும் தனித்தனிக் கோடாக எடுத்துத் தரும். ஒரு கோடு வேண்டிய இடத்தில் இரண்டு வரும். நடுக்கோட்டை எடுக்கும் முறை உள்ள கருவியைத் தேடுங்கள். இல்லையெனில் அந்தப் படத்தை அடியில் வைத்து நாமே வரைவது விரைவில் முடியும்.

கோலா கங்சார் வட்டாரத்தின் பெருமையான தெக்காட் பூவேலையிலும் இந்த வேறுபாடு தெரியும். வெட்டிய அட்டை வடிவத்தை வெல்வெட் துணியின் மேல் வைத்து, அதைத் தங்க இழையால் மூடிக் கட்டும் வேலை அது. அங்கே பூவின் வரைகோட்டால் பயனில்லை; இழை மூடப்போகும் அட்டையின் முழு உருவமே முக்கியம். அட்டையை வெட்ட வரைபடம் தயாரிப்பவர் இதழ்களைத் தனித்தனி மூடிய வடிவங்களாக்க வேண்டும். இழை சேர்ந்து தடிக்கும் அளவுக்கு இதழ்களுக்கு நடுவில் இடமும் விட வேண்டும். அந்த இடைவெளி எவ்வளவு என்பதைத் தெக்காட் போடும் பெண்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எதை முதலில், எதைக் கடைசியில்

கோடுகள் சுத்தமான பிறகு, அவற்றுக்குப் பொருள் கொடுக்க வேண்டும். வழக்கமான முறை நிறம். ஒரு நிறம் செதுக்க, ஒரு நிறம் உள்வெட்டுகளுக்கு, ஒரு நிறம் வெளிவெட்டுக்கு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு லேயர், ஒவ்வொரு லேயருக்கும் வேகமும் திறனும். கோப்போடு வந்த நிறங்களை நம்ப வேண்டாம். வரைந்தவரின் சிவப்பு அவர் பட்டறையில் ஒரு பொருள் தந்தது, நம் பட்டறையில் வேறு பொருள் தரலாம்.

வரிசை முக்கியம். முதலில் செதுக்கு, பிறகு உள்ளே உள்ள துளைகள், கடைசியில் வெளி எல்லை. வெளி எல்லை வெட்டுப்பட்ட நொடியே துண்டு பலகையிலிருந்து விடுபடுகிறது. காற்றுக் குழாயின் வேகத்தில் சற்று நகரலாம், தட்டின் இடுக்கில் சாயலாம். அதன் பிறகு போடும் துளை வேறிடத்தில் விழும்.

வெட்டு தின்னும் அகலத்தையும் இப்போதே ஈடு செய்ய வேண்டும். தின்பது 0.2 மி.மீ. என்றால், வெளி எல்லையை 0.1 மி.மீ. வெளியே தள்ள வேண்டும், துளைகளை 0.1 மி.மீ. உள்ளே சுருக்க வேண்டும். இந்த எண் இயந்திரத்துக்கு இயந்திரம், பலகைக்குப் பலகை மாறும். பத்துச் சிறு துண்டுகளை வரிசையாக வெட்டி, நெருக்கி அடுக்கி, மொத்த நீளத்தில் எவ்வளவு குறைந்தது என்று அளந்து பத்தால் வகுத்தால் உண்மையான எண் கிடைக்கும்.

செதுக்கும் வேலைக்கு நேரக் கணக்கு வேறு. 60 மி.மீ. அகலம், 40 மி.மீ. உயரம் உள்ள பகுதியை 0.1 மி.மீ. இடைவெளியில் வரி வரியாக நிரப்பினால் 400 வரிகள், மொத்தம் 24 மீட்டர் ஓட்டம். நொடிக்கு 300 மி.மீ. வேகத்தில் அது 80 நொடி. திரும்பும் நேரம் தனி. நீளம், அகலம் இரண்டையும் இரட்டித்தால் ஓட்டம் நான்கு மடங்காகிறது. வாடிக்கையாளரிடம் விலை சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுவது நல்லது.

தமிழ் எழுத்தை வெட்டும்போது

ஆங்கிலப் பெயர்ப்பலகைக்காக உருவான வழிமுறைகள் தமிழில் அப்படியே செல்லாது. பழைய பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனால், தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகளின் குவியல் நிற்கும். யூனிகோடிலும் சிக்கலுண்டு. ‘கோ’ என்பது கணினியின் நினைவில் ககரமும் அதற்குப் பின் ஓகாரக் குறியும். திரையில் வரையும்போது குறியின் ஒரு பாதி ககரத்துக்கு முன்னும் மறு பாதி பின்னும் வர வேண்டும். தமிழ் எழுத்தமைப்பை அறியாத மென்பொருள் இதைச் சிதைத்துவிடும். எனவே தமிழ் நன்றாகத் தெரியும் மென்பொருளில் தட்டச்சு செய்து, சரிபார்த்து, எழுத்தை அங்கேயே வரைகோடாக மாற்றிய பிறகே கோப்பை அனுப்ப வேண்டும். மாற்றாத ஒரு பிரதியையும் பத்திரப்படுத்துங்கள். வரைகோடான எழுத்தில் பிழை திருத்த முடியாது.

அடுத்தது, உதிர்தல். ‘கோலா கங்சார்’ என்று பலகையிலிருந்து வெட்டி எடுத்தால், பெரும்பாலான அச்சு எழுத்துருக்களில் அது பன்னிரண்டு தனித் துண்டுகளாக விழும்: கோ மூன்று, லா இரண்டு, க ஒன்று, ங் இரண்டு, சா இரண்டு, ர் இரண்டு. இரண்டு புள்ளிகள் இயந்திரத்தின் தட்டு இடுக்கில் விழுந்து காணாமல் போகும் அளவுக்குச் சிறியவை. புள்ளி தொலைந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும், பெயரே மாறிவிடும். மாறாக, பலகையில் எழுத்தைத் துளையாக வெட்டினால் ககரத்தின் வயிறும் னகர ணகரச் சுழிகளின் உட்புறமும் தீவுகளாகி உதிரும்.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. எழுத்துகளுக்கு அடியில் ஒரு பட்டை வைத்து எல்லாவற்றையும் அதோடு இணைக்கலாம். ஆனால் மேலே நிற்கும் புள்ளிக்குத் தனியாக ஒரு சிறு பாலம் வேண்டும். எழுத்தை வெட்டாமல் செதுக்கலாம். அல்லது தனித்தனியாகவே வெட்டி, எழுத்துகள் போன பின் எஞ்சும் பலகையை அச்சாக வைத்து ஒவ்வொரு துண்டையும் அதன் இடத்தில் ஒட்டலாம். கோயில் பெயர்ப்பலகைக்கும் திருமண மேடைக்கும் மூன்றாவது வழியே அழகு. எழுத்தின் உருவத்தில் எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

பால்மரத்தின் ஊரில் ரப்பர் முத்திரை

1876 இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன ரப்பர் விதைகள் லண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்தன. 1877 இல் அங்கிருந்து சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் வந்தன. அவற்றில் ஒன்பது கோலா கங்சாரில், பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோவின் தோட்டத்தில் நட்டவை. அந்த நடவின் நினைவாக ஒரு முதுமரத்தை இந்த ஊர் இன்றும் பாதுகாக்கிறது. பேராக்கின் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவிய தமிழர்களின் வரலாறு அந்தக் கன்றுகளிலிருந்து கிளைத்ததுதான்.

ரப்பரை லேசரால் செதுக்க முடிவதற்குக் காரணம் 1839 இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த வேதிமாற்றம். கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால், ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளுக்கு இடையே கந்தகப் பாலங்கள் உருவாகின்றன. அதன் பிறகு ரப்பர் உருகாது. லேசர் பட்ட இடம் வழியாமல், தூளாகவும் புகையாகவும் கழன்று போகிறது. பக்கத்து விளிம்பு கூர்மையாக நிற்கிறது. பதப்படாத ரப்பரில் இதைச் செய்தால் பிசுபிசுத்து ஒட்டும்.

முத்திரைக்கான வரைபடம் மூன்று மாற்றங்களைக் கேட்கிறது. இடவலமாகத் திருப்ப வேண்டும். கறுப்பு வெள்ளையைப் புரட்ட வேண்டும். எழுத்து மேலே நிற்க, சுற்றியுள்ளது செதுக்கப்பட வேண்டும். மூன்றாவது, எழுத்தின் அடிப்பகுதி மேற்பகுதியைவிடச் சற்று அகன்றிருக்க வேண்டும். செங்குத்துச் சுவராக நின்றால் அழுத்தும்போது மெல்லிய கோடு வளைந்து மை பரவும். எல்லையிலிருந்து விலக விலகத் திறனைப் படிப்படியாகக் கூட்டி இந்தச் சரிவை உண்டாக்குவார்கள்.

ஆழத்தில் இருக்க வேண்டிய நிதானம், மரம் சீவியவர்களுக்குப் பழக்கமான நிதானம். பட்டையில் பால்குழாய்கள் நிறைந்த அடுக்கு வரை கத்தி போக வேண்டும்; அதற்கும் உள்ளே உள்ள வளர்திசுவைத் தொட்டால் மரம் காயப்பட்டு, அந்த இடம் மறுபடி சீராக வளராது. முத்திரையிலும் மை ஒட்டாத ஆழம் வரை லேசர் இறங்க வேண்டும். அடித்துணி வரை போனால் எழுத்து நிற்க இடமில்லை. இரண்டிலும் சரியான ஆழம் என்பது ஒரு மில்லிமீட்டரின் கணக்கு.

இங்கே உயிருக்கும் உடலுக்கும் தொடர்பான ஓர் எச்சரிக்கை. வரைபடத்தோடு ‘எந்தப் பொருளிலும் வெட்டலாம்’ என்று எழுதி வந்தாலும் நம்பாதீர்கள். பிவிசி, நியோபிரீன் போன்ற குளோரின் கலந்த பொருள்களை லேசர் சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். அது நுரையீரலை அரிக்கும், இயந்திரத்தின் இரும்பையும் ஆடிகளையும் அரிக்கும். சாதாரண ரப்பரும் கந்தகப் புகை தரும். புகையை வெளியே இழுக்கும் விசிறி ஓடாமல் தொடங்கக் கூடாது. பொருள் இன்னதென்று உறுதியாகத் தெரியாவிட்டால் வெட்டாமல் விடுவதே சரி.

கோப்பில் எழுதிவைக்க வேண்டியவை

இத்தனை திருத்தங்களுக்குப் பிறகு நம் கையில் இருப்பது வந்து சேர்ந்த கோப்பு அல்ல. பலகையின் தடிமன், வெட்டின் அகலம், கோடுகளின் வரிசை, எழுத்தின் பாலங்கள் என நாம் கண்டறிந்த எல்லாம் அதில் சேர்ந்துவிட்டன. பெரும்பாலானோர் இதோடு வெட்டி முடித்து, கோப்பை மூடிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அதே வேலை வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

வெட்டவோ செதுக்கவோ செய்யாத ஒரு லேயரைச் சேர்த்து அதில் ஐந்து செய்திகளை எழுதுங்கள்: பொருளின் பெயர், அளந்து பார்த்த தடிமன், வெட்டு தின்ற அகலம், இயந்திரத்தின் வாட்டும் பயன்படுத்திய வேகமும் திறனும், அளவைச் சரிபார்க்க 50 மி.மீ. நீளமுள்ள ஒரு கோடு. அந்தக் கோடு இருந்தால் கோப்பு எந்த மென்பொருளுக்குப் போனாலும் அதன் உண்மையான அளவு தொலையாது. வரைந்தவரின் பெயரையும் அவர் விதித்த உரிமை நிபந்தனையையும் அதே இடத்தில் காப்பாற்றுங்கள். உங்கள் திருத்தங்களையும் குறிப்பிடுங்கள்.

அப்படி எழுதிய கோப்பைப் பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியருக்கு அனுப்பினால், அவர் தன் பலகையையும் தன் இயந்திரம் தின்னும் அகலத்தையும் அளந்து அதற்கேற்ப மாற்றினால் போதும். சுங்கை சிப்புட்டிலோ ஈப்போவிலோ இருக்கும் இன்னொருவர் அதைத் திருத்தித் திருப்பி அனுப்பலாம். வெளியூர் வரைபடத்தை வாங்கிப் பயன்படுத்துபவர் என்ற நிலையிலிருந்து, அடுத்தவருக்குக் கற்றுத்தரும் நிலைக்கு ஒரு சிறு பட்டறை நகர்வது இப்படித்தான். அதற்குப் புது இயந்திரம் வேண்டியதில்லை. தெரிந்துகொண்டதைக் கோப்பில் எழுதிவைக்கும் பழக்கம் போதும்.